டேப்லெட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ட்யூஷன் எடுப்பவர்கள் பலரிடம் இப்போது ஒரு டேப்லெட்டாவது இருக்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் நன்றாக இருப்பவர்கள், தாங்கள் படித்த ஊர்ப் பள்ளிக்கு மொத்தமாக வாங்கித் தருவதும் உண்டு. அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கிய ஊர் காரைக்குடி. படிப்புக்குக் கொடுப்பது இங்கே புதிதல்ல. அப்படி வந்த கருவி வீணாகப் போகக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். டேப் வைத்து நடத்தும் வகுப்பில் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: பிள்ளை வாயைத் திறந்து ஆங்கிலம் பேசுகிறதா, விரலை மட்டும் அசைக்கிறதா?

வாங்கிய பிறகு யோசிப்பதுதான் முதல் தவறு. பெரு நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்த திட்டத்தைக் கிராமப்புறத்தின் 319 தொடக்கப் பள்ளிகளில் ஒப்பிட்டுப் பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு அடையாளமே இல்லை. அது லேப்டாப், ஆனாலும் டேப்புக்கும் அதே பாடம்தான். ஆங்கிலப் பாடவேளையில் எந்தப் பத்து நிமிஷம் டேப் கையில் இருக்கப்போகிறது, அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று சொல்ல முடியாதவரை வாங்க வேண்டாம்.

அடுத்தது, எல்லாரும் செய்வது. ஓர் ஆங்கில ஆப்பைத் திறந்து கொடுத்துவிட்டு ஆசிரியர் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார். நாலு படம் வரும், ஒன்றைத் தொட வேண்டும். தப்பானால் இன்னொன்றைத் தொடலாம். ஊகித்தே மேலே போய்விடலாம். நட்சத்திரம் சேரும், பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் உன் பேரென்ன, ஊரென்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். சொல்லை அடையாளம் காண்பது வேறு, அதைத் தானாக எடுத்துப் பேசுவது வேறு.

டேப்பில் மொழிக்கு மிக உதவுவது காசு கொடுத்து வாங்கும் ஆப் அல்ல, கூடவே வரும் ரெக்கார்டரும் கேமராவும்தான். நாற்பது பேர் நடுவே எழுந்து பேசக் கூச்சப்படும் பிள்ளை, ஓரமாகப் போய் ரெக்கார்டரில் பேசிவிடும். ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்கள். தானே கேட்கட்டும். பிடிக்கவில்லையென்றால் திரும்பப் பேசட்டும். அப்படித் திரும்பப் பேசுவதுதான் படிப்பு. நீங்கள் திருத்துவதைவிட அதுவே தன்னை அதிகம் திருத்திக்கொள்ளும். ஜூனில் பேசியதையும் டிசம்பரில் பேசியதையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினால், வேறு ரிப்போர்ட் கார்டே வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளையின் பதிவை அதன் சம்மதம் இல்லாமல் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி போடாதீர்கள். ஒரு தடவை சிரிப்பு கிளம்பினால் அப்புறம் அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

இன்னொரு தவறு, ஆப் தருகிற உலகத்தையே பிள்ளையின் உலகம் என்று எடுத்துக்கொள்வது. பனிமனிதனையும் சுரங்க ரயிலையும் பற்றி, காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிப் பிள்ளை பேச என்ன இருக்கிறது? அதே பிள்ளையை டேப்போடு பக்கத்து டைல்ஸ் பட்டறைக்கு அனுப்புங்கள். கண்ணாடி மேல் அச்சை வைப்பது, வண்ணக் கலவையை ஊற்றுவது, மேலே சிமெண்டும் மணலும் போடுவது, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது என்று ஒவ்வொன்றாகப் படம் எடுக்கட்டும். திரும்பி வந்ததும் அந்தப் படங்களை வரிசையாக வைத்து ‘ஃபர்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஆஃப்டர் தட்’ என்று சொல்லவைக்கலாம். எட்டாம் வகுப்பு என்றால் ‘த டைல் இஸ் கெப்ட் இன் வாட்டர்’ என்று செயப்பாட்டு வினை தானாக வந்து நிற்கும். டைல் செய்கிறவர் யார் என்பது அங்கே முக்கியமில்லை, டைலுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் பேச்சு. அந்த இலக்கணம் எதற்கு இருக்கிறது என்பது அங்கேதான் பிள்ளைக்குப் புரிகிறது. கரும்பலகையில் ராமன் மாம்பழம் தின்றான் என்பதைத் திருப்பித் திருப்பி எழுதிப் புரியவைப்பது கஷ்டம்.

வகுப்பில் தமிழே கூடாது என்று தடுப்பதும் தப்புதான். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இந்தப் பக்கத்துப் பலகாரம் ஒன்றைப் பற்றி, “மனகோலம் எப்படிச் சுடுறீங்க ஆச்சி?” என்று தமிழில்தான் கேட்க முடியும். தமிழில் கேட்டுப் பதிவு செய்து, அதைப் புரிந்துகொண்டு, நாலு வரி ஆங்கிலத்தில் சொன்னால் அது முழுமையான ஒரு மொழிப் பயிற்சி. சொல்ல விஷயம் இருக்கும்போதுதான் அதற்கான ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை தேடி வந்து கேட்கும்.

குரலை எழுத்தாக்கும் வசதியை உச்சரிப்புப் பரீட்சையாக வைக்காதீர்கள். அது முன்பின் சொற்களைப் பார்த்து ஊகித்து எழுதுவது. சரியாக எழுதிவிட்டதால் உச்சரிப்பு சரி என்றும் இல்லை, தப்பாக எழுதினால் பிள்ளை மேல் தப்பு என்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் குரல் அதற்குப் பெரியவர்கள் குரல் அளவுக்குப் பிடிபடுவதுமில்லை. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துப் பயிற்சி நடக்கும்போது கீபோர்டின் தானியங்கித் திருத்தத்தையும் சொல் பரிந்துரையையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பெல்லிங் கற்றுக்கொள்வது டேப்தான், பிள்ளை இல்லை.

ஆளுக்கொரு டேப் இருந்தால்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார். பேச்சு தானாக நடக்கும். ஒரே அறையில் இருபது டேப் சத்தம் போட்டால் யாருக்கும் எதுவும் கேட்காது. பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவு, பட்டாலை போன்ற பெரிய இடங்களில் ட்யூஷன் நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: உயரமான கூரையும் வழுவழுப்பான தரையும் குரலை எதிரொலித்துப் பதிவைக் கெடுத்துவிடும். பதிவு செய்ய மட்டும் பிள்ளைகளைத் திண்ணைக்கோ சாமான் அடைத்த சின்ன அறைக்கோ அனுப்புங்கள்.

வீடியோவை முந்தின நாளே இறக்கி வையுங்கள். நெட் வரும் என்று நம்பிப் பாடத்தைத் தொடங்காதீர்கள். விளம்பரம் வரும் இலவச ஆப் வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஒரே ஆப்பிலேயே திரையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் பிள்ளை கேமுக்குப் போகாது.

கடைசியாக, பிள்ளைகளின் குரலையும் முகத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்ததும் பதிவுகளை அந்தந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு டேப்பிலிருந்து அழித்துவிடுங்கள்.