மட்டாஞ்சேரிக் கரையில் நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கம்பத்திலிருந்து உறவுக்காரப் பிள்ளைகள் ஆறு பேரைக் கொச்சிக்குக் கூட்டிப் போனேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கால் வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, 20 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலையை ஒருவன் செய்தான். குடோன் வாசலைப் போனில் பிடிக்க, திரும்பிப் பார்க்காமலே நடு ரோட்டுக்குப் பின்னால் பின்னால் நகர்ந்தான். சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "என்ன சித்தப்பா, இப்படிப் பண்றீங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஏலக்காய் வியாபாரத்துக்காக வருடத்துக்கு நாலைந்து தடவை அங்கே போய்வந்தவன் நான். தொப்பி, தண்ணீர் பாட்டில், தோதான செருப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வெள்ளி, சனியில் போவது

டச்சு அரண்மனை எனப்படும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. யூதர்களின் ஜெப ஆலயம் வெள்ளி மதியம் அடைத்தால் சனி முழுக்கத் திறக்காது.

ஆட்டோவில் தாவுவது

ஃபோர்ட் கொச்சியில் சீன வலையைப் பார்ப்பார்கள், ஆட்டோ ஏறுவார்கள், யூதத் தெருவில் இறங்குவார்கள். இடையில் இருக்கிற இரண்டரை கிலோமீட்டர் போலான கரைதான் பார்க்க வேண்டியதே. ஆட்டோக்காரர் "சும்மா பத்து நிமிஷம்" என்று கடை கடையாக ஏற்றி இறக்கினால் அது தனிக் கதை. முதல் தடவை நான் மூன்று கடை ஏறினேன்.

எல்லாம் முடிந்துபோன இடம் என்று நினைப்பது

என் பணத்தைத் தின்ற தவறு இது. 2012 டிசம்பரில் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து பழைய குடோன்கள் பல ஓவியக் கூடமாகவும் காபிக் கடையாகவும் மாறிவிட்டன. 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் கட்டடம், மிளகு மணத்த பெப்பர் ஹவுஸ் இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறவர், அடுத்த வாசலும் அப்படித்தான் என்று நம்பி உள்ளே நுழைந்துவிடுகிறார். அங்கே முற்றத்தில் சுக்கு காய்ந்துகொண்டிருக்கும். அல்லது லாரியிலிருந்து அரிசி இறங்கிக்கொண்டிருக்கும். பஜார் ரோட்டில் பாதி இன்னும் பாரம் தூக்குகிறது.

20 வருடத்துக்கு முன்னால், பினாலே எல்லாம் வருவதற்கு முன்பே, எனக்கு நடந்தது இதுதான். கையில் புது கேமரா. மரக் கதவு, மேலே பாசி பிடித்த ஓடு, நல்ல காலை வெயில். முழுக் கட்டடமும் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரடி பின்னால் வைத்தேன், இன்னும் ஓரடி வைத்தேன். பின்னாலிருந்து ஒரு சுமைக்காரர் "மாறு, மாறு!" என்று சத்தம் போட்டார். தமிழ் மூளை அல்லவா, எதை மாற்றச் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மலையாளத்தில் அதற்கு 'விலகு' என்று பொருள். அது உறைப்பதற்குள் என் முழங்கை அவர் விலாவில் இடித்துவிட்டது. 50 கிலோ புழுங்கல் அரிசி மூட்டை சரிந்து, தையல் விட்டு, பாதி அரிசி சாக்கடைக்குள் போயிற்று.

அவர் திட்டவில்லை. தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசியையும் என் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்காரர் கணக்குப் போட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஊர் திரும்ப வைத்திருந்த பணம்.

தலையில் மூட்டை வைத்து நடக்கிறவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. சட்டென்று நிற்கவும் முடியாது, நின்றால் பாரம் முன்னால் சாயும். அவர் கண்ணுக்குத் தெரிவது எதிரே நாலைந்து அடித் தரை மட்டும். லாரிக்கும் வாசலுக்கும் நடுவே அவர்கள் போய்வர ஒரு தடம் இருக்கும். ஒரு நிமிடம் ஓரமாக நின்று கவனித்தால் தெரிந்துவிடும். அதை விட்டு எங்கே வேண்டுமானாலும் நின்று படம் எடுங்கள். வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் தலையை ஆட்டி உள்ளே விடுவார்கள், சில நேரம் ஒரு துண்டு சுக்கையும் கையில் கொடுப்பார்கள்.

இந்தக் கரையில் சுமை தூக்குவது சாதாரணமாக வந்த வேலை இல்லை. ஒரு காலத்தில் துறைமுக வேலைக்கு 'சாப்பா' என்ற உலோக வில்லையைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பரில், மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டுத் தொழிலாளிகள் செத்தார்கள். அந்த ரோட்டில் நின்றுகொண்டு "ஓரமா போங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்று ஒரு சுமைக்காரரிடம் சொன்ன ஆளையும் பார்த்திருக்கிறேன். நம்ம ஊர் ஆள்தான்.

ரோட்டுப் பக்கம் மட்டும் பார்ப்பது

மலையாளத்தில் குடோனுக்குப் பாண்டிகசாலை என்பார்கள், நம் பண்டகசாலைதான். ரோட்டில் நீங்கள் பார்ப்பது அதன் முதுகு. முகம் காயலைப் பார்த்திருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் மணல் திட்டைத் தாண்டி உள்ளே வர முடியாமல் வெளிக் கடலில் நிற்கும். சரக்கு வள்ளங்களில் ஏறி நேராகப் பண்டகசாலையின் தண்ணீர் வாசலுக்கு வரும், போகும். 1920-இல் வந்த பிரிஸ்டோ என்ற எஞ்சினியர் திட்டை வெட்டி வழி உண்டாக்கினார். 1928-இல் கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார்கள். கப்பல் அங்கே ஒதுங்கத் தொடங்கியதும் இந்தத் தண்ணீர் வாசல்களுக்கு வேலை குறைந்தது. 2011-இல் கன்டெய்னர் சரக்கு வல்லார்பாடம் தீவின் புது முனையத்துக்கே போய்விட்டது.

அதனால் எர்ணாகுளத்திலிருந்து படகில் வாருங்கள். துருப் பிடித்த கம்பி, படியில் முளைத்த ஆலங்கன்று, தண்ணீரைப் பார்த்துப் பூட்டிய கதவு எல்லாம் படகிலிருந்துதான் தெரியும். அப்புறம் நடங்கள்.

எல்லாவற்றையும் டச்சு என்பது

டச்சு அரண்மனை என்று பெயர்தான். போர்த்துகீசியர்கள் 1555-இல் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள்.

வலைக் கயிற்றைப் பிடிப்பது

சீன மீன் வலையை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிறு பிடிக்கலாம். எவ்வளவு தர வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

திக்கித் திக்கி ஆங்கிலம் பேசுவது

எதற்கு? ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் துணி வெளுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள். பஜாரிலும் நிதானமாகப் பேசினால் தமிழ் புரியும். 'மாறு' ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள், போதும்.

ஏலக்காய் வாங்குவது

போடியிலும் புத்தடியிலும் ஏலம் போகிற காய்தான் அங்கே சின்னப் பொட்டலமாகிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சொல்லியும் கேட்காமல் என் மச்சினர் யூதத் தெருவில் கால் கிலோ வாங்கினார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்தப் பையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். அக்காவிடம் இன்னும் விலையைச் சொல்லவில்லை.