ஸ்கீ படகு நேராகப் போகவில்லையா? அரத்தைக் கையில் எடுக்கும் முன்

தண்ணீரில் சறுக்குபவரைக் கயிற்றில் இழுத்துப் போகும் ஸ்கீ படகு வைத்திருப்பவர்களிடம் "ட்ராக்கிங் சரியில்லை", அதாவது படகு நேர்கோட்டில் நிற்கவில்லை என்ற புலம்பல் அடிக்கடி வரும். என்ன சரியில்லை என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். ஒருவருக்கு ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. இன்னொருவருக்கு நேராகப் பிடித்திருந்தாலும் படகு நெளிந்து நெளிந்து போகிறது. மூன்றாமவருக்குத் தனியாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. பின்னால் சறுக்குகிறவர் கயிற்றை இழுத்ததும் படகின் வால் அவரோடு போய்விடுகிறது. மூன்றும் மூன்று வியாதி. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைப்பவைதான்.

ஸ்கீ நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட் ப்ரோஸ்டார் மாதிரியான போட்டிப் படகுகளை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நடுவில். அதிலிருந்து ஷாஃப்ட் சாய்வாக அடியில் இறங்கி ப்ரொப்பல்லரில் முடிகிறது. அதற்குப் பின்னால், தண்ணீருக்குள், படகைத் திருப்பும் தகடான ஒரு சின்ன சுக்கான். படகின் வயிற்றில், நடுக்கோட்டில், மீன் துடுப்பு மாதிரி நிற்கும் தகடுகள், பெரும்பாலும் 3 ஃபின்கள். கயிறு கட்டும் கம்பமான பைலன் எஞ்சினை ஒட்டி, ஏறக்குறைய படகின் மையத்தில் நிற்கும். சுக்கான் திருப்புகிறது, ஃபின்கள் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கின்றன. யார் வேலை எது என்று தெரிந்தாலே பழியை யார் மேல் போடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

நெளிந்து போகும் படகில் முதலில் பார்க்க வேண்டியது சுக்கானும் அல்ல, ஃபின்னும் அல்ல. ஸ்டீயரிங்கில் இருக்கும் பிளே, அதாவது பிடிப்பில்லாத தளர்ச்சி. படகை ட்ரெய்லரில் ஏற்றி, ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இரு பக்கமும் அசைக்கட்டும்; இன்னொருவர் கீழே குனிந்து சுக்கானைப் பார்க்கட்டும். ஸ்டீயரிங் இரண்டு விரல் அகலம் நகர்ந்தும் சுக்கான் அசையவில்லை என்றால் கோளாறு நடுவில் எங்கோ இருக்கிறது. ஸ்டீயரிங் தலைப்பில் (சக்கரத்துக்குப் பின்னால் கேபிளை நகர்த்தும் பகுதி) தேய்மானம், கேபிள் முனையில் தளர்ந்த நட்டு, சுக்கான் கையின் போல்ட், சுக்கான் தண்டு சுழலும் புஷ் என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்தால் ஆட்டம் விரலுக்கே தெரியும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது ஒரு சனிக்கிழமையைத் தொலைத்த பிறகு. ஃபின்கள்தான் காரணம் என்று முடிவுகட்டி, மூன்றையும் கழற்றி, சீலன்ட் சுரண்டி, திரும்பப் பூட்டினேன். படகு பழையபடியே நெளிந்தது. கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் உறையே முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. இரண்டு திருகு இறுக்கியதும் தீர்ந்தது.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் லேசாக இழுப்பதை அடியோடு ஒழிக்க நினைப்பது அடுத்த தவறு. ஒரு ப்ரொப்பல்லர் சுழன்று தள்ளும் நீர் சுக்கானின் இரு பக்கமும் ஒரே மாதிரி படாது. கொஞ்சம் இழுப்பு இருக்கத்தான் செய்யும். அந்தக் கொஞ்சம் நல்லதும்கூட. இழுப்பு இருக்கும்வரை கேபிளில் உள்ள சிறு பிளே எப்போதும் ஒரே பக்கம் அழுந்தியிருக்கும், நீங்கள் தரும் சின்ன அசைவும் உடனே சுக்கானைச் சேரும். இழுப்பே இல்லாமல் செய்துவிட்டால் சுக்கான் அந்த பிளேயின் நடுவில் மிதக்கும். கைக்குச் சுகமாக இருக்கும், படகோ இங்கும் அங்கும் அலையும். "இழுப்பு போயிடுச்சு, ஆனா இப்ப நேரா நிக்கல" என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

கை வலிக்கும் அளவுக்கு இழுத்தால் அது வேறு விஷயம். சுக்கானின் பின்விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்வாக ராவி இழுப்பைக் குறைப்பது பழைய, வேலை செய்கிற முறை. ஆனால் எந்தப் பக்கம் என்பதை வாய்மொழியாகக் கேட்டு அரத்தை எடுக்காதீர்கள். தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டு எடுங்கள். தப்பான பக்கம் ராவினால் இழுப்பு கூடும், போன உலோகம் திரும்ப வராது. அரத்தால் நாலு தடவை ராவி, தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த நாலு. அதற்கும் முன்னால் ப்ரொப்பல்லரைப் பாருங்கள். இலையில் அடிபட்டிருந்தாலோ, சமீபத்தில் வேறு ப்ரொப்பல்லர் மாற்றியிருந்தாலோ, இழுப்பு அங்கிருந்தே வந்திருக்கலாம்.

ஸ்டீயரிங் இறுக்கமாக இருந்தால் உடனே புதுக் கேபிள் வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. சுக்கான் கையிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். இப்போதும் ஸ்டீயரிங் இறுக்கமா? கேபிளோ தலைப்போதான் காரணம். ஸ்டீயரிங் லேசாகி, சுக்கானைக் கையால் திருப்பும்போது கனக்கிறதா? சுக்கான் தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் பேக்கிங்கை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். பம்புசெட்டில் கிளாண்ட் கயிறு சுற்றிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: ஒழுகுகிறதே என்று இறுக்கிக்கொண்டே போனால் தண்டு சிக்கிக்கொள்ளும்.

இனி ஃபின். "பெரிய ஃபின் போட்டால் தண்டவாளத்தில் போவதுபோல் போகும்" என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. பரப்பு கூடினால் பக்கவாட்டில் வழுக்குவது குறையும். ஆனால் அது எந்த இடத்தில் கூடுகிறது என்பது முக்கியம். முன்னால் தள்ளிப் பூட்டினால் மூக்கு தண்ணீரைக் கவ்வி, திருப்பத்தில் படகு எதிர்பாராமல் சுருக்கென்று வளையும். பின்னால் தள்ளினால் நேராகப் போகும், திரும்பத்தான் அடம்பிடிக்கும். தயாரிப்பாளர் போட்ட இடத்தை மாற்றாமல், இருக்கும் ஃபின்கள் கோணாமல் இருக்கின்றனவா என்று நடுக்கோட்டில் ஒரு நூல் பிடித்துப் பார்ப்பதே போதும். தரை தட்டிய படகில் ஒரு ஃபின் கொஞ்சம் வளைந்திருந்தாலும் அது நிரந்தரமாகத் திருப்பிவைத்த சுக்கான்தான்.

சறுக்குபவர் இழுக்கும்போது மட்டும் வால் போகிறது என்றால், கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பின்பலகைக் கொக்கியில் கட்டிவிட்டு ட்ராக்கிங் பற்றிப் பேசிப் பயனில்லை. படகு திரும்பும் மையத்திலிருந்து அது வெகுதூரம், நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். வேக்போர்டு டவரின் (படகின் மேல் உயர்ந்து நிற்கும் சட்டம்) உச்சியில் கட்டி, சறுக்குபவர் மிதவைகளை மாறி மாறிச் சுற்றும் ஸ்லாலம் ஓட்டுவதும் தவறு. கயிறு உயரத்திலிருந்து இழுத்துப் படகையே சாய்க்கும்.

எஞ்சின் பின்பலகைக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு படகுக்காரர்களுக்கு ஒன்று. ப்ரொப்பல்லருக்கு மேல் தட்டின் அடியில், இழுப்பைச் சரிசெய்யும் தகடான சின்ன ட்ரிம் டேப் இருந்தால், படகு வலப்பக்கம் இழுக்கும்போது அதன் பின்முனையையும் வலப்பக்கம்தான் திருப்ப வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடம். மனசு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும், கேட்காதீர்கள். எஞ்சினை அதிகம் வெளியே சாய்த்து (ட்ரிம் செய்து) மூக்கைத் தூக்கிவிட்டாலும் படகு அலையும்.

சோதனை ஓட்டம் காற்றில்லாத காலையில், யாரையும் இழுக்காமல், ஒரே பாதையில் போக வரவென்று இரு திசையிலும் இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால் அந்தச் சோதனை கணக்கில் சேராது. த்ராட்டிலை விட்டதும் திரும்ப மறுப்பதும், ரிவர்ஸில் ஒரு பக்கமாகவே நகர்வதும் முதலில் சொன்ன நடு எஞ்சின் படகின் பிறவிக் குணம், கோளாறு அல்ல.

கடைசியாக, ஓட்டுபவர். ஸ்லாலம் தடம் 259 மீட்டர். படகு போகும் வாசல்கள் சுமார் 2.3 மீட்டர் அகலம். சறுக்குபவர் சுற்றும் 6 மிதவைகளும் நீளவாக்கில் 41 மீட்டருக்கு ஒன்று, இடமும் வலமுமாக மாறி மாறி. ஆண்கள் பிரிவின் 58 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு சுமார் 2.5 வினாடி. அதாவது அந்த இடைவெளியில் கயிறு ஒரு பக்கமும் அடுத்த பக்கமும் மாறி மாறி வெட்டி இழுக்கிறது. படகு நகர்ந்த பிறகு அதைப் பார்த்துத் திருப்புகிறவரின் திருத்தம் அடுத்த இழுப்பு வரும்போதுதான் வேலை செய்யத் தொடங்கும், அதோடு சேர்ந்து படகை இன்னும் தள்ளும். பழகியவர்கள் கண்ணாடியில் சறுக்குபவரின் தாளத்தைப் பிடித்து, இழுப்பு வரும் கணத்திலேயே ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். கண் தடத்தின் கடைசி வாசலில் இருக்கும். ஆகவே ஸ்பானர் பெட்டியைத் திறக்கும் முன் ஒன்று செய்யுங்கள். நல்ல ஓட்டுநர் ஒருவரை உங்கள் படகில் உட்காரவைத்து, அதே சறுக்குபவரை அதே தடத்தில் இழுக்கச் சொல்லுங்கள். அவர் கையில் படகு நேராகப் போனால் பெட்டியை மூடி வைத்துவிடலாம்.