டெர்மினலில் மேலே ஓடிப்போன வரிகளைப் படிப்பது எப்படி? ஸ்க்ரோலிங், திரை அமைப்புகள்: தொடக்கநிலை விளக்கம்

உபுண்டு லினக்ஸில், கட்டளைகளைத் தட்டும் விண்டோவான டெர்மினலைத் திறந்து ஒரு மென்பொருளை நிறுவுகிறீர்கள். வரிகள் சரசரவென்று ஓடுகின்றன. நடுவில் எங்கோ 'எரர்' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அதைப் படிப்பதற்குள் இன்னும் நூறு வரிகள் வந்து அதை மேலே தள்ளிவிட்டன. புதிதாகக் கற்றுக்கொள்கிற பலர் இந்த இடத்தில் கடைசி வரியை மட்டும் நகலெடுத்து, தெரிந்தவர்களிடம் அனுப்பிக் கேட்கிறார்கள். பல நேரம் கடைசி வரியால் பயன் இருக்காது. வேலை முடியவில்லை என்பதை மட்டும் அது சொல்லும். ஏன் முடியவில்லை என்பது முதலில் வந்த பிழைச் செய்தியில் இருக்கும். சி மொழியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) வரிசையாகப் பல பிழைகளை அடுக்கும். முதல் பிழையைத் திருத்தினால் மீதியில் பெரும்பகுதி தானாக மறைந்துவிடும்.

அதனால் மேலே போய்ப் படிக்கத் தெரிவதுதான் டெர்மினலில் முதலில் பழக வேண்டிய வேலை என்பது என் கருத்து. எழுத்துரு, நிறம் எல்லாம் அப்புறம். இந்தப் பதிவும் அந்த வரிசையில்தான் போகிறது.

இங்கே சொல்வது உபுண்டு 24.04-இல் இயல்பாக இருக்கும் க்னோம் டெர்மினலுக்கு. உபுண்டு 25.10-இல் ப்டிக்சிஸ் என்ற வேறு டெர்மினல் வருகிறது. அதில் மெனுக்களின் இடம் மாறியிருக்கும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒரு சோதனை

கன்ட்ரோல் + ஆல்ட் + டி (T) அழுத்துங்கள், டெர்மினல் திறக்கும். எஸ், இ, க்யூ என்று மூன்று எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 500 என்று எழுதி என்டர் கொடுங்கள். 1 முதல் 500 வரை எண்கள் வரிக்கு ஒன்றாக ஓடி நிற்கும். விண்டோவின் அளவை நீங்கள் மாற்றாமல் இருந்தால் திரையில் 24 வரிகள் தெரியும். அவற்றில் 478 முதல் 500 வரை 23 எண்கள், கடைசியில் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி. மற்ற 477 எண்களும் அழிந்துவிடவில்லை. டெர்மினல் அவற்றை நினைவில் வைத்திருக்கிறது. இந்தச் சேமிப்புக்கு ஸ்க்ரோல்பேக் என்று பெயர்.

மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே மேலே போகலாம். ஆனால் கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காமல் போவதுதான் வசதி. ஷிஃப்ட் + பேஜ்அப் அழுத்தினால் ஒரு திரை மேலே, ஷிஃப்ட் + பேஜ்டவுன் ஒரு திரை கீழே. ஒவ்வொரு வரியாக நகர கன்ட்ரோல் + ஷிஃப்ட் உடன் மேல் அல்லது கீழ் அம்புக்குறி. ஒரே தாவலில் உச்சிக்குப் போக ஷிஃப்ட் + ஹோம், அடிக்கு வர ஷிஃப்ட் + எண்ட். சில மடிக்கணினிகளில் பேஜ்அப் கீ தனியாக இருக்காது. அவற்றில் பெரும்பாலும் எஃப்என் கீயோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் அதே வேலை நடக்கும்.

இப்போது ஷிஃப்ட் + ஹோம் அழுத்திப் பாருங்கள். '1' என்ற எண்ணும், அதற்கு மேல் நீங்கள் தட்டிய கட்டளையும் தெரிய வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்த

கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் திரை அப்படியே உறைந்து நிற்கும். கன்ட்ரோல் + க்யூ அழுத்தினால் மறுபடி ஓடும். டெலிடைப் (தொலைவிலிருந்து வரும் எழுத்தைத் தாளில் அச்சிடும்) இயந்திரங்கள் இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கை தானாகவே கன்ட்ரோல் + எஸ் அழுத்திவிடும். டெர்மினல் அதற்குப் பிறகு எந்தக் கீக்கும் அசையாது. ஏதோ தொங்கிவிட்டது என்று விண்டோவையே மூடிவிட வேண்டாம், கன்ட்ரோல் + க்யூ போதும்.

ஸ்க்ரோலிங் அமைப்புகள்

விண்டோவின் மேல்பக்கம் வலதுமூலையில் மூன்று கோடுகள் கொண்ட பட்டன் இருக்கும். அதைச் சொடுக்கி 'பிரிஃபரன்சஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடதுபக்கம் 'ப்ரொஃபைல்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'அன்நேம்ட்' என்று ஒன்று இருக்கும். அதுதான் இப்போது உங்களுடைய ப்ரொஃபைல். அதைச் சொடுக்கினால் வலதுபக்கம் சில டேப்கள் வரும். 'ஸ்க்ரோலிங்' டேபுக்குப் போங்கள். இங்கே செய்யும் மாற்றம் உடனே நடைமுறைக்கு வந்துவிடும், சேமிக்க என்று தனிப் பட்டன் கிடையாது.

'லிமிட் ஸ்க்ரோல்பேக் டு' என்பது எத்தனை வரிகளை நினைவில் வைக்க வேண்டும் என்பதற்கான எண். இயல்பாக 10000 இருக்கும். அந்த எல்லை எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். முன்பு தட்டிய அதே கட்டளையில் 500-க்குப் பதில் 20000 கொடுங்கள். முடிந்ததும் ஷிஃப்ட் + ஹோம். உச்சியில் 1 இருக்காது. பத்தாயிரத்தை ஒட்டிய ஏதோ ஓர் எண் இருக்கும். அதற்கு முந்தையவை எல்லாம் போய்விட்டன. இப்போது எல்லையைக் கூட்டினாலும் அவை திரும்பி வராது, இனி வரும் வரிகளுக்குத்தான் பலன்.

பெரிய நிரல்களைக் கம்பைல் செய்பவர்கள் இதை 50000 ஆக்கிக்கொள்ளலாம். பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டால் எல்லையே இல்லாமல் சேமிக்கும். நாள்கணக்கில் ஒரே விண்டோவில் எதையாவது ஓடவிடுபவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வரிகள் சேரச் சேர இடம் தின்றுகொண்டே போகும், அத்தனை லட்சம் வரிகளில் தேடுவதும் சிரமம். இன்னொன்று, ஸ்க்ரோல்பேக் ஒவ்வொரு டேபுக்கும் தனித்தனி. டேபை மூடினால் அதோடு போயிற்று.

அடுத்து 'ஸ்க்ரோல் ஆன் அவுட்புட்'. இதைப் பலர் புரியாமல் ஆன் செய்துவிட்டு அவதிப்படுகிறார்கள். மீண்டும் 500 வரை எண்களை ஓடவிடுங்கள். பிறகு பி, ஐ, என், ஜி (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு 127.0.0.1 என்று எழுதி என்டர் கொடுங்கள். இது உங்கள் கணினி தனக்குத்தானே அனுப்பிப் பார்க்கும் செய்தி. விநாடிக்கு ஒரு வரி வீதம் வந்துகொண்டே இருக்கும். இப்போது ஷிஃப்ட் + பேஜ்அப் இரண்டு தடவை அழுத்தி மேலே போங்கள். இந்த அமைப்பு அணைந்திருந்தால் நீங்கள் பார்க்கும் இடம் அசையாமல் நிற்கும், கீழே புது வரிகள் சேர்வது சேரட்டும். அதே அமைப்பை ஆன் செய்துவிட்டு மறுபடி மேலே போய்ப் பாருங்கள். அடுத்த வரி வந்த நொடியே உங்களைக் கீழே இழுத்துவந்துவிடும். படிப்பதற்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. அணைத்தே வையுங்கள். நீங்கள் அடியில் இருக்கும்போது, இது அணைந்திருந்தாலும் திரை புது வரிகளோடு சேர்ந்தே நகரும், அதனால் எந்த நட்டமும் இல்லை. சோதனை முடிந்ததும் கன்ட்ரோல் + சி அழுத்தி நிறுத்துங்கள்.

'ஸ்க்ரோல் ஆன் கீஸ்ட்ரோக்' ஆன் ஆகவே இருக்கட்டும். மேலே எங்கேயோ படித்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது எழுத்தைத் தட்டினால் திரை அடிக்கு வந்துவிடும். என்ன தட்டுகிறோம் என்று பார்க்காமல் கட்டளை கொடுப்பது ஆபத்து.

தேடுவது

பத்தாயிரம் வரிகளைக் கண்ணால் தேட வேண்டாம். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி வரும். அதில் 'எரர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, மேல்நோக்கிய அம்புக்குறியைச் சொடுக்கிக்கொண்டே போங்கள். பிழை தந்த கட்டளையை நீங்கள் கொடுத்த இடத்திற்குக் கீழே, எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கும் 'எரர்' எதுவோ அதுதான் முதல் பிழை. யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால் அந்த வரியையும் அதன் அக்கம்பக்கத்து வரிகளையும் சேர்த்து நகலெடுத்து அனுப்புங்கள். நகலெடுக்க கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. ஷிஃப்டை விட்டுவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுபோகும்.

தேடலை எளிதாக்க ஒரு பழக்கம் உண்டு. நீளமான வேலை ஒன்றைத் தொடங்கும் முன் சி, எல், இ, ஏ, ஆர் என்று தட்டி என்டர் கொடுங்கள். திரையோடு சேர்த்து ஸ்க்ரோல்பேக்கும் காலியாகிவிடும். அப்புறம் ஷிஃப்ட் + ஹோம் அழுத்தினால் நேராக அந்த வேலையின் முதல் வரிக்கே போகலாம். பழையதும் வேண்டும் என்றால் கன்ட்ரோல் + எல் அழுத்துங்கள். அது திரையை மட்டும் சுத்தமாக்கும், பழைய வரிகள் மேலே பத்திரமாக இருக்கும்.

லெஸ்

சில நேரம் ஸ்க்ரோல்பேக்கைவிட நல்ல வழி, வரிகளை ஓடவே விடாமல் பக்கம் பக்கமாகப் படிப்பது. அதற்கு லெஸ் என்ற கருவி இருக்கிறது. உங்கள் கட்டளைக்குப் பின்னால் இடைவெளி விட்டு | என்ற செங்குத்துக் கோட்டைப் போட்டு, எல், இ, எஸ், எஸ் என்று எழுதுங்கள். இந்தக் கோடு பொதுவாக என்டர் கீக்கு மேலே உள்ள கீயில் இருக்கும், ஷிஃப்டோடு அழுத்த வேண்டும். ஆனால் வெறும் கோடு போட்டால் சாதாரண வரிகள் மட்டுமே லெஸ்ஸுக்குள் போகும். பிழைச் செய்திகள் வேறு வழியாக வருவதால் அவை தப்பித்துவிடும். அவற்றையும் சேர்த்துப் பிடிக்க |& என்று இரண்டு குறிகளையும் ஒட்டிப் போடுங்கள்.

லெஸ்ஸுக்குள் ஸ்பேஸ் அழுத்தினால் அடுத்த பக்கம், பி (b) அழுத்தினால் முந்தைய பக்கம். / என்ற சாய்கோட்டைப் போட்டு ஒரு சொல்லை எழுதி என்டர் கொடுத்தால் தேடும். என் (n) அழுத்தினால் அடுத்த இடம். வெளியே வர க்யூ. நீளமான வரிகள் மடிந்து மடிந்து குழப்பினால், உள்ளே இருந்தபடியே - குறியையும் பெரிய எழுத்து எஸ்ஸையும் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு வரி ஒரே வரியாக நிற்கும், பக்கவாட்டு அம்புக்குறியால் நகர்த்திப் படிக்கலாம். அட்டவணை மாதிரியான வெளியீட்டுக்கு இது அருமை.

நடுவில் 'ஆமாவா, இல்லையா' என்று கேள்வி கேட்கும் கட்டளைகளுக்கு லெஸ் ஒத்துவராது. அவற்றுக்கு முன்னால் எஸ், சி, ஆர், ஐ, பி, டி (script) என்று தட்டிவிட்டுத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு திரையில் வரும் எல்லாமே ஒரு கோப்பில் பதிவாகும். முடிந்ததும் இ, எக்ஸ், ஐ, டி (exit).

லெஸ், கோப்புகளைத் திருத்தும் நானோ, விம் போன்றவற்றை மூடியதும் அவற்றில் பார்த்தது எதுவும் டெர்மினலில் மிச்சம் இருக்காது, மேலே உருட்டினாலும் கிடைக்காது. அது கோளாறு இல்லை. அவை மாற்றுத் திரை என்ற தனி இடத்தில் எழுதுகின்றன, அந்தத் திரைக்கு ஸ்க்ரோல்பேக் கிடையாது.

எழுத்தும் நிறமும்

அவசரத்துக்கு எழுத்தைப் பெரிதாக்க கன்ட்ரோல் + ஷிஃப்ட் உடன் கூட்டல் குறி, சிறிதாக்க கன்ட்ரோலும் கழித்தல் குறியும், பழையபடி ஆக்க கன்ட்ரோலும் பூஜ்யமும். எஃப்11 அழுத்தினால் முழுத்திரை. நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால் அதே பிரிஃபரன்சஸில் 'டெக்ஸ்ட்' டேப்.

அங்கே விண்டோவின் தொடக்க அளவு 80 நெடுவரிசை, 24 வரி என்று இருக்கும். 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் வெளியிட்ட விடி100 டெர்மினலின் அளவு இது. 80 என்ற எண் அதற்கும் முந்தியது, ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. இன்றைய அகலத் திரையில் இதைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 120-க்கு 35 வைத்துப் பாருங்கள், மேலே போக வேண்டிய தேவையே பாதி குறையும்.

கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தால் டெர்மினலில் எழுத்துகள் நெருக்கியோ பிய்ந்தோ தெரியலாம். டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்குகிறது, தமிழ் எழுத்துகளோ அகலத்தில் ஒன்றுக்கொன்று மாறுபடும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயரும் கெடவில்லை. 'செல் ஸ்பேசிங்' என்ற இடத்தில் அகலத்தை 1.2 ஆகவும் உயரத்தை 1.1 ஆகவும் ஏற்றினால் கொஞ்சம் மூச்சுவிடும். எழுத்துருவைப் பெரிதாக்குவதும் உதவும். முழுதாகச் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நிறத்துக்கு 'கலர்ஸ்' டேப். 'யூஸ் கலர்ஸ் ஃப்ரம் சிஸ்டம் தீம்' என்ற குறியை எடுத்தால்தான் கீழே உள்ள பட்டியலிலிருந்து உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க முடியும். ஜன்னலோர வெளிச்சத்திலும், வகுப்பில் ப்ரொஜெக்டரிலும் வெளிர்ப் பின்னணிதான் தெளிவாகத் தெரியும்.

ஸ்க்ரோல் ஆகவே இல்லையா?

டீமக்ஸ் (ஒரே விண்டோவுக்குள் பல டெர்மினல்களை நடத்தும் மென்பொருள்) பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். அதற்குள் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும், திரை மேலே போகாது. டீமக்ஸ் தனக்கென்று வேறு சேமிப்பு வைத்திருக்கிறது, இயல்பாக 2000 வரிகள். கன்ட்ரோல் + பி (B) அழுத்தி விட்டுவிட்டு, [ குறியைத் தட்டுங்கள். பிறகு பேஜ்அப் வேலை செய்யும். வெளியே வர க்யூ.

இன்னோர் இடம், கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 அழுத்தினால் வரும் கறுப்புத் திரை. பழைய பாடக்குறிப்புகளில் அங்கேயும் ஷிஃப்ட் + பேஜ்அப் அழுத்தச் சொல்லியிருப்பார்கள். 2020-இல் வந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.9-இல் அந்த வசதியை நீக்கிவிட்டார்கள், அதனால் எத்தனை தடவை அழுத்தினாலும் மேலே போகாது. வரைகலைத் திரை வராமல் இந்தக் கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டால், எந்தக் கட்டளையையும் |& போட்டு லெஸ்ஸோடு சேர்த்தே கொடுங்கள். வேலை முடிந்ததும் வழக்கமான திரைக்குத் திரும்ப, பெரும்பாலும் கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்2.