சீன மூலிகை சூப்: பலம் சேர்க்கப் போய் செய்யும் தவறுகள்

ஜின்செங் வேர், கோஜி பெர்ரி என்ற சிறிய சிவப்புப் பழம், காய்ந்த சிவப்பு இலந்தை, தாங்குயி வேர் எல்லாவற்றையும் ஒரே கோழி சூப்பில் போட்டு வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பதுதான் முதல் தவறு. உணவால் ஆகாதபோதுதான் மருந்து என்று சொன்ன 7ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் சிமியாவ்கூட, முதலில் நோயின் காரணத்தைத் தெரிந்துகொள்ளச் சொன்னார். சோர்ந்து, பேசினாலே மூச்சு வாங்குகிறவருக்கு ஜின்செங். வாய் வறண்டு, இரவில் வியர்த்து, உள்ளங்கை தகிக்கிறவருக்கு அதையே கொடுத்தால் சூடு இன்னும் ஏறும் என்பது அந்த மருத்துவத்தின் கணக்கு. அவருக்கு வெள்ளைக் காளான் (மரத்தில் வளரும் ட்ரெமெல்லா வகை, மொட்டுக் காளான் அல்ல) போன்ற குளிர்ச்சியான உணவுதான் சரி.

சளி, காய்ச்சல் நேரத்திலும் சீன மருத்துவத்தில் பலம் தரும் சூப்பைத் தள்ளிவைப்பார்கள். நோய் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும் என்பார்கள். குணமாகும்வரை வெறும் அரிசிக் கஞ்சி போதும்.

என்னைக் கேட்டால், ஆபத்தான தவறு அடுப்படியில்தான் நடக்கிறது. காய்ந்த வெள்ளைக் காளானையோ கருப்புக் காளானையோ (காது போல் மரத்தில் வளர்வது) ராத்திரியே ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். வெக்கையில் அந்தத் தண்ணீரில் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து போங்க்ரெகிக் அமிலம் என்ற நச்சை உண்டாக்கலாம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. 2020இல் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் புளிக்கவைத்த சோள நூடுல்ஸ் சாப்பிட்ட 9 பேரின் உயிரைப் பறித்ததும் இதே நச்சுதான். ஒன்றிரண்டு மணி நேரம் ஊறினால் காளான் நன்றாக விரிந்துவிடும். அடிப்பக்கத்துக் கெட்டியான மஞ்சள் பகுதியை வெட்டி எறிந்து, உடனே சமையுங்கள். கொழகொழத்தாலோ வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வெள்ளைக் காளான் வாங்கும்போதும் பளிச்சென்ற வெள்ளையைத் தேடாதீர்கள். இயல்பான நிறம் இளமஞ்சள். மிகையான வெண்மை கந்தகப் புகை போட்டதாக இருக்கலாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள். கோஜியும் தாங்குயியும் மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். ஜின்செங் அதைக் குறைத்துவிடலாம். சாப்பாடுதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

சூப்பில் போடும் கிங்கோ மரத்தின் கொட்டையைப் பச்சையாகத் தின்னக் கூடாது, வெந்ததையும் குழந்தைகளுக்குக் கொடுக்காமலிருப்பதே நல்லது; வலிப்பு வரலாம். ஃபூசி என்ற வேரை வீட்டுச் சமையலில் சேர்க்கவே வேண்டாம். சரியாகப் பக்குவப்படுத்தாவிட்டால் அது இதயத் துடிப்பையே குலைக்கும்.