நமக்கு நாமே திட்டத்துல உங்க தெரு பார்க்கை சரி பண்றது எப்படி: வசூலை கடைசில வச்சுக்கோங்க

எங்க நகர்ல மொத்தம் 84 வீடு, நடுவுல பார்க்குன்னு ஒரு இடம், பேருக்குத்தான் பார்க், உள்ள சீமைக்கருவேலமும் உடைஞ்ச டாய்லெட் சீட்டும்தான் இருந்துச்சு. நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு நாம போட்டா மிச்சம் ரெண்டு பங்கு அரசு போடும்னு யாரோ சொன்னாங்க, அவ்ளோதான், அடுத்த ஞாயித்துக்கிழமையே ரசீது புக்கோட கிளம்பிட்டோம். வேலை 5 லட்சத்துல முடியும்னு நாங்களே ஒரு கணக்கு போட்டு வீட்டுக்கு 2000 வாங்கி 1,68,000 சேர்த்து, பெருமையா நகராட்சிக்கு போனோம். அங்க இன்ஜினியர் எஸ்டிமேட் போட்டு குடுத்தார் பாருங்க, 9,30,000. அப்போ எங்க பங்கு 3,10,000. திரும்ப வீடு வீடா போய் இன்னொரு 1700 குடுங்கன்னு கேட்டப்போ கதவைத் தொறந்தவங்க பாதிப் பேர்தான். அதனாலதான் இதை எழுதறேன், நாங்க செஞ்ச வரிசையில யாரும் செய்யாதீங்க.

திட்டத்தைப் பத்தி ரெண்டு வரி. 1997-98ல தி.மு.க. ஆட்சியில வந்தது, 2011ல அ.தி.மு.க. வந்ததும் தன்னிறைவுத் திட்டம்னு வேற பேர்ல ஓடுச்சு, 2021ல திரும்ப பழைய பேரு. பேரு மாறுமே தவிர அடிப்படை ஒண்ணுதான், எஸ்டிமேட் தொகையில குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மீதி அரசு. கிராமப்புறத்துல ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழற பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். பங்கை ஊரே சேர்ந்து போடலாம், ஒரே ஆளோ ஒரு கம்பெனியோ முழுசா போட்டாலும் சரி. நீங்க போறப்போ அது என்ன பேர்ல இருக்கு, இந்த வருஷம் நிதி மிச்சம் இருக்கான்னு ரெண்டையும் முதல்ல கேட்டுக்கோங்க. நிதியாண்டு ஏப்ரல்ல ஆரம்பிக்குது, ஜனவரில போய் நின்னா "அடுத்த வருஷம் பாக்கலாம் சார்"னு கேக்கறதுக்கு சான்ஸ் அதிகம், தேர்தல் நடத்தை விதி வந்துட்டா புது வேலைக்கு அனுமதியே கிடைக்காது.

சரி, எங்க ஆரம்பிக்கணும்? நிலத்துல. காசு செலவு பண்ணப் போற இடம் அரசோடதா இல்ல உள்ளாட்சியோடதா இருக்கணும், அதுக்கு பேப்பர் இருக்கணும். "முப்பது வருஷமா பார்க்குதான் சார், எல்லாருக்கும் தெரியும்"னு சொன்னா ஆபீஸ்ல யாரும் காதுல வாங்க மாட்டாங்க. லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேலன்னா 10 சதவீதம் இடத்தை ஓஎஸ்ஆர்னு (பொதுத் திறந்தவெளி) உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுக்கணும், அந்தப் பத்திரம் நிஜமாவே பதிவாகியிருக்கான்னு பாருங்க. பழைய லேஅவுட்ல ப்ரோமோட்டர் வரைபடத்துல பச்சை கலர் அடிச்சுக் காட்டிட்டு பத்திரத்தை எழுதாமலே போயிருப்பார், இது ரொம்ப சாதாரணம். சர்வே நம்பர் தெரிஞ்சா அரசு இ-சர்வீசஸ் தளத்துல அ-பதிவேடு (நிலம் யாரோடதுன்னு காட்டற பதிவேடு), எஃப்எம்பி (நில அளவு வரைபடம்) ரெண்டும் வீட்டுல உக்காந்தே பாத்துடலாம், பத்திரப்பதிவு தளத்துல வில்லங்கமும் பாக்கலாம். குளம், ஏரின்னா இன்னொரு சிக்கல், 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு (அதோட தண்ணி பாயற நிலம்) இருந்தா அது நீர்வளத் துறை கையில, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம், யாரோடதுன்னு தெரியாம மனு குடுத்தா ஃபைல் ரெண்டு ஆபீசுக்கு நடுவுல பந்து மாதிரி ஓடும். அபார்ட்மென்ட் காம்பவுண்டுக்கு உள்ள இருக்கற பார்க்குக்கு இதுல காசு கேக்காதீங்க, அது உங்க சொந்த இடம்.

எந்த வேலைக்கு கேக்கணும்ங்கறதுல எனக்கு ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் இருக்கு. "வீட்டு வரி கட்றோம், இதுக்கும் ஏன் தனியா காசு?"ன்னு ஒரு மாமி எங்ககிட்ட கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ரோடு, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை இதெல்லாம் உள்ளாட்சி எப்படியும் செஞ்சே ஆகவேண்டிய வேலை, அதுக்கு நாம பங்கு போட ஆரம்பிச்சா நாளைக்கு எதுக்கெடுத்தாலும் "உங்க பங்கு எங்க"ன்னு கேப்பாங்க. பார்க், விளையாட்டு இடம், அரசு பள்ளிக்கு காம்பவுண்டு சுவர், கூடுதல் கிளாஸ்ரூம், நூலகம், அங்கன்வாடி இந்த மாதிரி லிஸ்ட்ல எப்பவும் கடைசில நிக்கற வேலைக்கு இதைப் பயன்படுத்துங்க. பள்ளிக்கூடம்னா ரொம்ப சுலபம், பழைய மாணவர்கள் வாட்ஸப் குரூப் ஒண்ணு போதும்.

அடுத்தது ஆளு. சங்கம் பதிவு பண்ணியிருந்தா மனு கொஞ்சம் வேகமா நகரும், 1975ம் வருஷத்து சங்கங்கள் பதிவுச் சட்டத்துல 7 பேர் இருந்தா பதிவு பண்ணிடலாம், பேன் கார்டும் ரெண்டு பேர் கையெழுத்து போடற பேங்க் அக்கவுன்ட்டும் வச்சுக்கோங்க. தனி ஆள் ஜிபே நம்பர்ல வசூல் பண்றதை மட்டும் செய்யவே செய்யாதீங்க, எவ்ளோ நல்லவரா இருந்தாலும் ஆறாவது மாசம் ஒருத்தர் கணக்கு கேப்பார். அப்புறம் வார்டு கவுன்சிலரை முதல் வாரமே போய்ப் பாத்துடுங்க, கிராமம்னா தலைவரை. அவருக்குத் தெரியாம நேரா கமிஷனர்கிட்ட போனா வேலை நிக்காது, ஆனா நகரவும் நகராது. நகரம்னா ஏரியா சபையிலயோ, கிராமம்னா கிராம சபையிலயோ இந்த வேலை வேணும்னு பேசி பதிவு பண்ண வச்சா இன்னும் நல்லது, கிராம சபை குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி மாதிரி நாள்கள்ல வருஷத்துல ஆறு தடவை கூடுது.

மனு பெரிசா எழுத வேண்டாம், ரெண்டு பக்கம் போதும். என்ன வேலை, எந்த சர்வே நம்பர், எத்தனை குடும்பத்துக்குப் பயன், எங்க பங்கை நாங்க கட்டத் தயார், முடிஞ்சதும் பராமரிப்புக்கு இன்னார் பொறுப்பு, கூட நாலு போட்டோ. நகரம்னா கமிஷனருக்கு, பேரூராட்சின்னா செயல் அலுவலருக்கு, கிராமம்னா கலெக்டருக்கு, அங்கேர்ந்து ஊரக வளர்ச்சி முகமைக்குப் போகும். ஒரு ஜெராக்ஸ் காப்பியில கண்டிப்பா சீல், தேதி, ரெண்டும் வாங்கிக்கோங்க. எங்க முதல் மனு "வரவே இல்லையே சார்"னு ஆயிடுச்சு, சீல் வாங்கல. ரெண்டாவது மனுவை திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல குடுத்தோம், அங்க நம்பர் போட்டுக் குடுக்கறாங்க.

அப்புறம் எஸ்டிமேட். உதவிப் பொறியாளர் வந்து டேப் பிடிச்சு அளப்பார், அன்னைக்கு உங்க ஆள் ஒருத்தர் லீவு போட்டாவது கூடவே நிக்கணும். அரசு எஸ்டிமேட் நாம கொத்தனார்கிட்ட கேக்கற ரேட் இல்ல, பொதுப்பணித்துறை விலைப்பட்டியல்படி போட்டு ஜிஎஸ்டி எல்லாம் மேல ஏறும், அதனாலதான் எங்க 5 லட்சம் 9,30,000 ஆச்சு. மிரள வேண்டாம், உக்காந்து வெட்டலாம். நாங்க நீரூற்றை எடுத்தோம் (யாரு கேட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது), அலங்கார ஆர்ச்சை எடுத்தோம், நடைபாதை அகலத்தைக் குறைச்சோம், 6,60,000க்கு வந்துச்சு. எங்க பங்கு 2,20,000, கையில இருந்தது போக பத்தாக்குறை 52,000 மட்டும்தான், அதை மெயின் ரோடு கடைக்காரங்க ரெண்டு பேரும் அமெரிக்காவுல இருக்கற ஒரு வீட்டுப் பையனும் போட்டாங்க. இந்த ஃபைனல் நம்பர் கைக்கு வந்ததுக்கு அப்புறம் வசூலுக்குப் போங்க, எஸ்டிமேட் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு போனா மக்கள் குடுக்கறாங்க, வெறும் வாயில கேட்டா குடுக்க மாட்டாங்க. ஏலாத வீட்டுக்கு தொகையைக் குறைச்சுடுங்க, யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு போர்டு வைக்காதீங்க.

நம்ம பங்கைக் கட்ட டிடி (பேங்க் டிமாண்ட் டிராஃப்ட்) எடுக்கறதுல அவசரமே கூடாது. டிடிக்கு ஆயுள் 3 மாசம்தான். நாங்க கையில காசு இருக்கேன்னு சீக்கிரமே எடுத்துட்டோம், நிர்வாக அனுமதி இழுத்துக்கிட்டே போச்சு, நாலாவது மாசம் ஃபைலைத் தொறந்தா டிடி காலாவதி, பேங்க்ல போய் புதுப்பிச்சு திரும்ப குடுக்கறதுக்குள்ள ஒரு வாரம் அலைச்சல். யார் பேர்ல எடுக்கணும்னு வாயால கேக்காம எழுதி வாங்கிக்கோங்க, பதவிப் பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வந்துடும். பதிலே வரலைன்னா சண்டை போடறதுக்கு முன்னாடி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, "எங்கள் மனு தற்போது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து உள்ளது"ன்னு ஒரே கேள்வி, 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும், பல சமயம் பதிலுக்கு முன்னாடி ஃபைலே நகர்ந்துடுது.

அனுமதி வந்தா டெண்டர். ஊரகப் பக்கம் உங்க பங்கு 50 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா வேலையை நீங்களே எடுத்து செய்யவும் விதியில இடம் இருக்கு. அது நல்லதான்னு கேட்டா, உங்கள்ல சைட் வேலை தெரிஞ்ச ரிடயர்டு இன்ஜினியர் இருந்தா ஓகே, இல்லைன்னா வேண்டாம், பில்லுக்கு அலையறது தனி உத்தியோகம்.

வேலை நடக்கறப்போ எஸ்டிமேட் காப்பியும் ஒரு ஸ்கேலும் போதும். எங்க பார்க் கேட் பக்கம் தண்ணி லாரி ஏறும்னு 80 எம்எம் பேவர் பிளாக்னு எழுதியிருந்துச்சு. லாரியில கல்லு வந்து இறங்குன அன்னைக்கு ரெண்டாம் தெரு தாத்தா, ரயில்வேல வேலை பாத்தவர், பேத்தியோட ஜியாமெட்ரி பாக்ஸ்லேர்ந்து ஸ்கேல் எடுத்துட்டு வந்து ஒரு கல்லை நிமிர்த்தி வச்சார், சரியா ஆறு சென்டிமீட்டர். மேஸ்திரி "எல்லாம் ஒண்ணுதான் பெருசு"ன்னு சிரிச்சார். தாத்தா ஒண்ணும் பேசல, கல்லு மேல ஸ்கேலை வச்சு போட்டோ எடுத்து இன்ஜினியருக்கு அனுப்பிட்டார், மறுநாள் சாயங்காலம் லாரி வந்து அள்ளிட்டுப் போச்சு. இதை பதிச்சதுக்கு அப்புறம் கண்டுபிடிச்சிருந்தா கதை வேற. எம்-புக்ல (இன்ஜினியர் வேலை அளவு எழுதற புக்) அளவு ஏறி பில் பாஸ் ஆயிட்டா பொதுமக்கள் பேச்சு எடுபடாது.

திறப்பு விழா கல்வெட்டுல யார் பேரு முதல்லன்னு சண்டை வரும், அதுல தலையிடாதீங்க. ஆனா ஒண்ணு, நம்ம காசு போட்டோம்ங்கறதுக்காக "குடியிருப்போருக்கு மட்டும்"னு போர்டு மாட்ட ஒரு கோஷ்டி கிளம்பும், விடவே கூடாது, ரெண்டு பங்கு பொதுப்பணம், இடமும் பொது இடம், பக்கத்துக் குடிசைப் பிள்ளைங்களுக்கும் அந்த ஊஞ்சல் சொந்தம்தான்.

பராமரிப்புதான் யாரும் எஸ்டிமேட்ல போடாத செலவு. லைட்டு, போர் மோட்டார் கரன்ட் பில் யார் கட்டறதுன்னு முன்னாடியே எழுத்துல வாங்குங்க, எங்களுக்கு நகராட்சி கட்டுது, செடிக்கு தண்ணி, சின்ன ரிப்பேர் எங்க பொறுப்பு, அதுக்கு வீட்டுக்கு மாசம் 50 ரூபா. கேட் சாவி மூணு காப்பி, ஒண்ணு பால்பூத்துல. போன வாரம் ஊஞ்சல் சங்கிலி ஒண்ணு அறுந்துடுச்சு, வெல்டிங்காரர் ரெண்டு நாளா "இதோ வந்துட்டேன்"னு சொல்லிட்டிருக்கார், அதுவரைக்கும் பிள்ளைங்க மிச்சமிருக்கற ஒரு ஊஞ்சலுக்கு க்யூல நிக்குது.