வீட்டு ஜிஞ்சர் பீரில் டிஞ்சர் வாடை வந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கிட் (முளைகட்டிய தானியத்தின் சாறு வைத்த பீர் பொட்டலம்) வாங்கி வீட்டிலேயே பீர் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அதனால் அந்தப் பக்கமே வேண்டாம். நான் எழுதுவது இஞ்சியில் போடுகிற ஜிஞ்சர் பீர், அதையும் ரொம்ப நாள் புளிக்க விடாமல் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுவது. ஆனால் மால்ட் கிட்டில் பீர் போடும் வெளிநாட்டுக்காரர்கள் புலம்புகிற வாடைகள் எல்லாம் இதிலும் அப்படியே வரும். ஈஸ்டும் தண்ணீரும் சர்க்கரையும் சேர்கிற இடத்தில் கோளாறுகளும் ஒன்றுதான்.

ஸ்டார்ட்டர், அதாவது பானத்தைப் புளிக்கவைக்கிற உறை, போடுவது சுலபம். வாயகன்ற கண்ணாடி ஜாடியில் 400 மில்லி தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி இரண்டு டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டீஸ்பூன். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கி, வேட்டித் துணியால் வாயைக் கட்டி வையுங்கள். குளிர் நாடுகளில் ஐந்து நாள், ஒரு வாரம் என்பார்கள், நம் ஊர் வெயிலுக்கு மூன்று நாளிலேயே நுரை தட்டிவிடும். இஞ்சியைத் தோல் சீவக்கூடாது, ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் பளபளவென்று கழுவி அடுக்கிய இஞ்சியை விட, வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் மண்ணோடு குவித்து விற்கிறார்களே, அதை வாங்கி லேசாக அலசிப் போடுங்கள். சுக்கு வேலைக்கு ஆகாது.

இனி தண்ணீர். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்த விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் வடசென்னைப் பக்கம் புழல் ஏரித் தண்ணீரும் வரும், 2010இல் திறந்த மீஞ்சூர் ஆலையில் கடல்நீரிலிருந்து எடுக்கிற தண்ணீரும் வரும். அந்த ஆலை ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கக் கட்டியது. எது வந்தாலும் குளோரின் போட்டுத்தான் வரும், குடிநீருக்கு அது அவசியம். சிக்கல் எங்கே என்றால், இஞ்சியில் ஃபீனால் வகைப் பொருட்கள் இருக்கின்றன, புளிக்கும்போது ஈஸ்டும் கொஞ்சம் உண்டாக்கும். குளோரின் இவற்றோடு சேர்ந்தால் குளோரோஃபீனால். அது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும்: டிஞ்சர் வாடை, ஆஸ்பத்திரி வராண்டா வாடை, புது பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே அந்த வாடை. வந்துவிட்டால் எலுமிச்சை பிழிந்தாலும் போகாது, கூடுதலாக இஞ்சி தட்டிப் போட்டாலும் போகாது. கொட்டிவிட வேண்டியதுதான்.

அதைவிட மோசம் சம்ப், தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. நான்கைந்து குடித்தனம் இருக்கிற வீட்டில், சம்ப் கழுவிய அன்று ஓனர் ஒரு கை ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டிருப்பார். மோட்டார் போட்டு மேல் டேங்குக்கு ஏற்றி, குழாயில் பிடிக்கும்போது நமக்குத் தெரியாது, மூக்கும் அதற்குள் பழகியிருக்கும். அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: ஒரு பாட்டிலில் பாதி அளவு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, மூடியைத் திறந்த உடனே மூக்கை வைத்து முகருங்கள். நீச்சல் குள வாடை லேசாக அடித்தாலும் அந்தத் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். பதினைந்து நிமிடம் மூடாமல் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், அல்லது அகலமான பாத்திரத்தில் ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள், குளோரின் பறந்துவிடும். நான் கொதிக்கவைப்பேன். எறும்பு, கொசு என்று கவலைப்பட வேண்டாம் பாருங்கள்.

பாட்டில் கழுவும்போதும் இதே கதைதான். கிருமி போகட்டும் என்று ப்ளீச் கரைசலில் முக்கி, சரியாக அலசாமல் விட்டால் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டிஞ்சர் வாடை நிச்சயம். சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று முறை அலசல், அது போதும். கொதிக்கிற தண்ணீரை பெட் பாட்டிலில், அதாவது சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் சுருங்கிவிடும், ஜாக்கிரதை. ஊறுகாய் இருந்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் தொடாதீர்கள், பிளாஸ்டிக் அந்த ஊறுகாய் வாடையை விடவே விடாது.

சரி, இப்போது பானம். இரண்டு லிட்டருக்கு 100 கிராம் இஞ்சி, 200 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை. இஞ்சியைத் தட்டி அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, சர்க்கரையைக் கரைத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து, முழுதாக ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறும் வடிகட்டிய ஸ்டார்ட்டர் 100 மில்லியும். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். கண்ணளவு எல்லாம் சரிப்படாது, ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள்.

பாட்டில் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சோடா வந்த பெட் பாட்டில்தான். கிளிப் வைத்த கண்ணாடி பாட்டில் பார்க்க அழகு, ஆனால் சென்னை வெயிலில் உள்ளே எவ்வளவு கேஸ் ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து. பெட் பாட்டிலை அமுக்கிப் பார்க்கலாம். கல் மாதிரி இறுகிவிட்டால் உடனே ஃப்ரிட்ஜ். மார்கழியில் இரண்டு நாள் ஆகும், மே மாதத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. எப்படியும் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், நாள் ஏற ஏறக் கூடும், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மற்ற வாடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூமுட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஈஸ்டுக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம், சர்க்கரைத் தண்ணீரில் நைட்ரஜன் ரொம்பக் குறைவு. அடுத்த முறை நான்கைந்து உலர்திராட்சையை நறுக்கிப் போடுங்கள். லேசான வாடை என்றால் மூடியைத் திறந்து கேஸை விட்டாலே பாதி போய்விடும். காடி மாதிரிப் புளித்தால் காற்று உள்ளே போயிருக்கிறது, காடியாக்குகிற பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். பழ ஈக்கள் அதைச் சுமந்துகொண்டு வரும், துணியை இறுக்கிக் கட்டுங்கள், பாட்டிலைக் கழுத்து வரை நிரப்புங்கள். நெயில் பாலிஷ் வாடைக்குச் சூடும் காற்றும் காரணம், அடுப்புப் பக்கம் வைக்காமல் ஈரச் சாக்கு சுற்றி நிழலில் வையுங்கள். ரொட்டி வாடை பேக்கரி ஈஸ்ட் போட்டவர்களுக்கு வரும். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஸ்டார்ட்டருக்கு ஈடாகாது.

பின்சேர்க்கை: தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர், ஆர்.ஓ. தண்ணீரில் ஸ்டார்ட்டர் நுரையே தட்டவில்லை என்கிறார். ஆர்.ஓ. தாது உப்புகளையும் சேர்த்து எடுத்துவிடும். கொதித்து ஆறிய குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். கேன் தண்ணீருக்கும் இதே வழிதான்.

இன்னொரு பின்சேர்க்கை: ஊற்றும்போது எண்ணெய் மாதிரி வழவழவென்று நூல் இழுக்கிறது, கெட்டுவிட்டதா என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். சர்க்கரையிலிருந்து லூக்கனோஸ்டாக் என்ற பாக்டீரியா கட்டுகிற பிசின் அது. இதே குடும்பம்தான் இட்லி மாவையும் பொங்க வைக்கிறது, ஆகவே வாடை நன்றாக இருந்தால் பயம் வேண்டாம். ஸ்டார்ட்டரில் இழுத்தால் பாதியை ஊற்றிவிட்டு, புது இஞ்சியும் சர்க்கரையும் கொடுத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பஞ்சு கட்டியிருந்தால் மட்டும் ஜாடியோடு காலி செய்து, இஞ்சி வாங்குவதிலிருந்து ஆரம்பியுங்கள்.