வணிக நெறிப் போட்டிக்கு நடுவராகப் போகிறீர்களா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துக் கல்லூரிகளில் வணிகவியல் துறை போட்டி வைத்தால், ஆடிட்டரையோ ஓய்வுபெற்ற வங்கி மேலாளரையோ நடுவராகக் கூப்பிடுவார்கள். சம்பளம் கிடையாது; ஒரு பொன்னாடை, ஒரு டிபன். வினாடி வினா என்றால் சிக்கல் இல்லை, விடை கையில் இருக்கும். வணிக நெறி, அதாவது வியாபாரத்தில் எது நியாயம் என்று குழுக்கள் வாதிடும் போட்டி என்று வரும்போதுதான் நடுவர்களும் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல், தீர்ப்பை மனதில் எழுதிவைத்துக்கொண்டு போய் உட்காருவது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுவடை நேரத்து மழையில் நெல் நனைந்துவிட்டது. தனியார் வியாபாரி அதை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். இது நியாயமா? ஒரு குழு, விவசாயியின் கண்ணீரைப் பற்றி முழங்கிக் கைதட்டல் வாங்குகிறது. இன்னொரு குழு, காயவைக்கும் செலவு, எடைக் குறைவு எல்லாம் வியாபாரிக்கு உண்டு, அந்த அளவுக்குக் குறைத்துக் கேட்கலாம், அதற்கு மேல் குறைப்பது விவசாயியின் இக்கட்டில் லாபம் பார்ப்பது என்று கோடு கிழிக்கிறது. டெல்டாவில் பிறந்த நமக்கு மனசு முதல் குழுவின் பக்கம்தான் போகும். மதிப்பெண் இரண்டாவது குழுவுக்குப் போக வேண்டும். அவர்கள்தான் காரணம் சொன்னார்கள்.

இதே கேள்விக்கு, "சட்டப்படி தப்பில்லை" என்று ஒரே வரியில் முடிக்கும் குழுவும் வரும். அங்கேயே விட்டுவிடாதீர்கள். சட்டம் தடுக்காத இடத்தில் என்ன செய்வார்கள் என்பதற்குத்தானே போட்டியே. சமூகப் பொறுப்பு நிதியும் இப்படித்தான். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடச் சொல்கிறது. அதைக் காட்டி ஒரு மாணவர் கம்பெனிக்கு நற்சான்று கொடுத்தால், அந்த லாபம் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அப்புறம், நம் ஊர் பட்டிமன்றப் பழக்கம். அமெரிக்காவில் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் லேடன்சன் 1993-இல் தொடங்கிய எதிக்ஸ் பௌல் என்ற நெறி விவாதப் போட்டியில் இரு குழுவும் எதிரெதிர் பக்கம் நின்றாக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. எதிர்க் குழு சொன்னதில் ஒரு நியாயத்தை ஒத்துக்கொண்டு தன் நிலையைத் திருத்திக்கொள்ளும் மாணவியை "தடுமாறிட்டாங்க" என்று குறைத்துப் போடுவது அநியாயம். நெறி பேசும் மேடையில் அது பலம்.

ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடுவது இன்னொன்று. திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் ஏறி வரும் தமிழ்வழி மாணவர் திக்கித் திக்கிச் சொல்வதில் நல்ல வாதம் இருக்கும். நாம்தான் ஸ்லைடின் அழகில் இருப்போம். விதிகள் இடம் கொடுத்தால் தமிழில் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி நேரத்தில் சொந்த அனுபவத்தைப் பத்து நிமிடம் பேசுவதும் வேண்டாம். திருபுவனம் பட்டுச் சேலையை வைத்து ஒரே கேள்வி போதும்: "ஜரிகையில் வெள்ளி குறைவு என்று கடைக்காரருக்குத் தெரியும். வாங்குகிறவர் கேட்கவில்லை. தானாகச் சொல்ல வேண்டுமா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மேடையில் உங்கள் தங்கை மகனோ, நீங்கள் கணக்குப் பார்க்கும் கடைக்காரரின் மகளோ இருந்தால், சுற்று ஆரம்பிக்கும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டு அந்தச் சுற்றை வேறொருவருக்கு விடுங்கள். முடிந்த பிறகு சொன்னால், நீங்கள் நேர்மையாகவே போட்டிருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் இந்தப் போட்டியில்.

தோற்ற குழுவின் மதிப்பெண் தாளில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு வராமல், எந்த வாதம் நின்றது, எது நிற்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். டிபனுக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது, அப்புறம் மறந்துவிடும்.